எழுபத்தொரு நாள் பிரபு

கீ... கீ... கீ... என்று புகை அலாரம் அலறியது. புனிதவதி கையில் கண்ணகப்பையுடன் திகைத்துப்போய் நின்றாள்.

கனடாவின் ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்துகொண்டு மோர்மிளகாய் பொரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. ஜன்னலைத் திறக்க வேண்டும். படுக்கையறைக் கதவுகளைச் சாத்த வேண்டும். ஒருவர் கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்கு நேரே துவாயால் விசிற வேண்டும். பதினைந்து வருடமாக அந்த விசிறும் உத்தியோகம் அவள் கணவர் அல்பிரட்டுடையது. ஆறடி இரண்டங்குலம் உயரம். கதிரை இல்லாமலே கை எட்டும். ஆனாலும் ஏறி நின்றுதான் விசிறுவார். வேலை என்றால் முறையாகச் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை.

ஜனவரியில் அல்பிரட் செத்துப்போனார். இப்போது ஏப்ரல். அதற்குப் பிறகு அவள் மிளகாய் பொரிப்பது இதுதான் முதல் தடவை. விசிற ஆளில்லை என்பது, எண்ணெய் கொதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். கட்டிட சுப்பிரின்டென்ட் சண்டைக்கு வந்திருப்பான் என்று மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு திறந்தாள். ஒல்லியான வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். ஒரு கையில் குடை. மறு கையில் அரக்கு முத்திரை வைத்த தகரப்பெட்டி. மிளகாய்ப் புகை முகத்தில் அடித்ததும் அவருடைய இரண்டு கண்களிலிருந்தும் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது.

"விம்பர்லிச் சீமாட்டியைக் காண வந்திருக்கிறேன்" என்றார், இங்கிலாந்து ஆங்கிலத்தில்.

"அப்படி ஒருவரும் இங்கே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு போலந்துக்காரி இருக்கிறா, கேட்டுப் பாருங்கள்."

அவர் ஒரு கடதாசியை எடுத்துப் படித்தார். "காலஞ்சென்ற அல்பிரட் ஹாலமின் மனைவி. புனி... தா... வாத்தி."

"அது நான்தான்."

வந்தவர் குடையை ஊன்றி இடுப்புவரை குனிந்து வணங்கினார். இருமினார். மறுபடியும் வணங்கினார்.

அல்பிரட்டுக்காக இங்கிலாந்து தேசம் சிந்திய முதல் கண்ணீர் அதுதான். கடைசிக் கண்ணீரும் அதுவே. இரண்டுக்கும் காரணம் மோர்மிளகாய்.

*

வந்தவர் பெயர் பெற்றிகுரூ. இலண்டனில் உள்ள பிரபுக்கள் வம்சாவளிப் பணிமனையில் உத்தியோகம். பதவியின் பெயர் 'பச்சைப் பருந்துக் கட்டியக்காரர்'. பருந்து எங்கே என்று புனிதவதி கேட்கவில்லை. அவளுக்கு அப்போது எதுவுமே விளங்கவில்லை.

"முதலாவது விம்பர்லிப் பிரபு, மன்னரின் நாய் குளத்தில் விழுந்தபோது குதித்து மீட்டார்" என்று பச்சைப் பருந்து விளக்கத் தொடங்கினார். "மன்னர் மகிழ்ந்து அவரைப் பிரபு ஆக்கினார்."

"பிறகு?"

"பிறகு ஒன்றுமில்லை. முந்நூறு ஆண்டுகளாக அந்தக் குடும்பத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் நாங்கள் பாரம்பரியம் என்கிறோம்."

ஏழாவது பிரபு கடந்த நவம்பர் நான்காம் திகதி காலமானார். ஆண்பிள்ளை இல்லை. அந்த நொடியிலேயே பட்டம் தம்பி மகனான அல்பிரட்டுக்கு வந்துவிட்டது. பட்டம் யாருக்காகவும் காத்திருக்காதாம். ஓர் உடம்பில் மூச்சு நின்றதும் அடுத்த உடம்புக்குத் தாவிவிடுமாம்.

"எங்களுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லையே?"

"கடிதம் எழுதப்பட்டது, சீமாட்டி. அதற்கு மூன்று முத்திரை வேண்டும். அரக்கு உருக்குகிறவர் விடுமுறையில் போயிருந்தார். அவர் திரும்பி வந்து உருக்கியபோது உங்கள் கணவர் இறந்துவிட்டார். எங்கள் கணக்குப்படி அவர் எழுபத்தொரு நாள் எட்டாவது விம்பர்லிப் பிரபுவாக இருந்திருக்கிறார். வாழ்த்துகள்."

புனிதவதி அந்த எழுபத்தொரு நாளையும் நினைத்துப் பார்த்தாள். அல்பிரட் நகரசபையில் பனி தள்ளும் பாரவண்டி ஓட்டியவர். அந்த ஜனவரியில் கொட்டிய பனிக்கு நகரம் இராணுவத்தையே கூப்பிட்டது. பிரபு பன்னிரண்டு நாள் தொடர்ந்து வேலைக்குப் போனார். காலை நாலு மணிக்கு எழும்பி, இரண்டு போத்தல்களில் தேத்தண்ணி நிரப்பிக்கொண்டு, வாசலில் நின்று "போட்டு வாறன்" என்பார். யாழ்ப்பாணத்தார் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள் என்று அவள் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தது. அவருக்குப் பிழையில்லாமல் வந்த தமிழ் அது ஒன்றுதான். பதினாலாம் திகதியும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். நெஞ்சு வலித்தபோது வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பின்னால் வருகிறவர்கள் மோதாதபடி எச்சரிக்கை விளக்கையும் எரியவிட்டு, அதன் பிறகுதான் செத்தார்.

"இனி ஒன்பதாவது பிரபு உங்கள் மகன் ஜெனோசன்" என்றார் பச்சைப் பருந்து. "எங்கே அவர்?"

"பள்ளிக்கூடத்தில். அவனுக்குப் பதினைந்து வயதுதான். எங்களுக்குப் பட்டம் வேண்டாம், ஐயா."

"வேண்டாம் என்று சொல்லும் உரிமை பிரபுவுக்கு மட்டுமே உண்டு. முதலில் அவர் பிரபு என்பதை நிரூபியுங்கள். நிரூபித்த பிறகு தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம்."

தகரப்பெட்டி திறந்தது. நாற்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் வெளியே வந்தது. உரிமை கோருபவர் நரிவேட்டை ஆடுவாரா? குடும்பத்தில் சித்தப்பிரமை உண்டா? இல்லையெனில் காரணம் கூறுக.

"இதெல்லாம் சம்பிரதாயம். நாற்பத்து நான்காவது மட்டும்தான் முக்கியம்."

அவள் படித்தாள். *உரிமை கோருபவர், காலஞ்சென்ற பிரபுவின் சொந்த உடலில் உதித்த மகனா?*

"இல்லையென்றால்?" என்று கேட்டாள்.

"இல்லையென்றால் பட்டம் ரொட்னி என்பவருக்குப் போகும். தூரத்து உறவு. குளியல் தொட்டி விற்கிறார். அதற்கு முன் ஒரு சிறிய சடங்கு இருக்கிறது. 'இவன் இன்னாரின் மகன் அல்லன்' என்று நான் மூன்று தடவை உரக்க வாசிக்க வேண்டும்."

"எங்கே?"

"பையனுக்கு முன்னால்."

அலாரம் மறுபடியும் அலறத் தொடங்கியது. அவள் அடுப்பை நிறுத்தியிருக்கவில்லை.

*

ஜெனோசன் அல்பிரட்டின் மகனல்ல. புனிதவதியின் மகனுமல்ல.

புனிதவதி எழுபத்தோராம் ஆண்டு தாதியாகக் கனடாவுக்கு வந்தவள். எழுபத்து நாலில் அல்பிரட்டைக் கட்டினாள். கறுத்தப் பெண்ணைக் கட்டினான் என்று அல்பிரட்டின் தகப்பன் குடும்ப வேதாகமத்தில் அவர் பெயரைக் கோடு போட்டு வெட்டினார். கோத்திரம் தெரியாத வெள்ளையனைக் கட்டினாள் என்று புனிதவதியின் தமையன் இராஜரட்ணம் யாழ்ப்பாணத்திலிருந்து, 'நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைக்கிறோம்' என்று கடிதம் போட்டார். ஒன்பது வருடம் இரண்டு பேருமாகத் தனியே இருந்தார்கள். பிள்ளையும் பிறக்கவில்லை.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் அவள் தங்கை ரதியையும் புருஷனையும் வீட்டோடு எரித்தார்கள். ஆறு கிழமைக் குழந்தை ஒன்று அயல்வீட்டுக் குளியலறையில் தப்பிக் கிடந்தது. இராஜரட்ணம் அதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போகும் அகதிக் கப்பலில் ஏறினார். அடுத்த மாசியில் அல்பிரட்டும் புனிதவதியும் அங்கே போய் இறங்கினார்கள்.

முறைப்படி தத்தெடுக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார்கள். ஒரு தரகர் வழி சொன்னார்: "ஏன் கரைச்சல்? உங்கடை சொந்தப் பிள்ளை எண்டு பதிஞ்சு விடுங்கோ. ரெண்டு நாள் வேலை." போர் தொடங்கியிருந்த நாட்டில் உயிரைக் காப்பாற்றுகிற கடதாசியை யாரும் பொய்க்கடதாசி என்று நினைப்பதில்லை. தாய் புனிதவதி, தகப்பன் அல்பிரட் என்று பிறப்புச் சான்றிதழ் வந்தது. கையெழுத்துப் போடும்போது அல்பிரட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவனுக்குக் குளிர் தாங்குமா?"

பிள்ளைக்குச் சொல்லுவோம், சொல்லுவோம் என்று பதினைந்து வருடம் ஓடிவிட்டது. ஐந்து வயதில் சொன்னால் விளங்காது என்றாள். பத்து வயதில் சொன்னால் தாங்கமாட்டான் என்றாள். சொல்லிவிடு என்று சொல்லிப் பார்த்த அல்பிரட், கடைசியில் "உன் விருப்பம்" என்று விட்டுவிட்டார். இப்போது தகப்பனைப் புதைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அல்பிரட்டின் செம்மஞ்சள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறான் பிள்ளை. அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, அந்த ஆள் உன் தகப்பனில்லை என்று மூன்று தரம் வாசிக்கப் போகிறார்களாம்.

அன்றிரவே புனிதவதி நாற்பத்து நான்காவது கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினாள். ஒன்பதாவது பிரபு தன் அறையில் கணக்குச் செய்துகொண்டிருந்தார்.

*

செய்தி, தமையன் குடியிருந்த மார்க்கம் நகரத்துக்கு எட்ட இரண்டு நாள் எடுத்தது. இராஜரட்ணம் புதுக் காரில் வந்து இறங்கினார்.

இராஜரட்ணம் கனடாவுக்கு வந்தது அல்பிரட் ஸ்பொன்சர் கடிதத்தில் போட்ட கையெழுத்தால். ஆனாலும் அல்பிரட் தொட்ட பாத்திரத்தில் அவர் தண்ணி குடிக்கமாட்டார். மார்க்கம் வீட்டில் எல்லோருக்கும் சில்வர் தம்ளரில் கோப்பி வரும். அல்பிரட்டுக்குக் கடதாசிக் கப்பில் வரும். 'உன் அண்ணன் எவ்வளவு கரிசனையானவர், கழுவுகிற வேலை வைப்பதில்லை' என்று அல்பிரட் காரில் திரும்பும்போதெல்லாம் சொல்லுவார். புனிதவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எடி புனிதம், என்ரை மச்சான் ஒரு லோட், ஒரு பிரபு எண்டு நீ ஒரு நாளும் சொல்லேல்லையே!" என்றபடி இராஜரட்ணம் உள்ளே வந்தார். மச்சான் என்ற சொல் அந்த வாயிலிருந்து இருபத்தைந்து வருடத்தில் அன்றுதான் முதன்முறையாக வந்தது.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே பிள்ளையின்ரை விசயம்."

"எனக்கு ஒண்டும் தெரியாது. கடதாசியிலை என்ன இருக்கோ அதுதான் தெரியும். நான் சாட்சி சொல்லுறன். நீ பிள்ளை பெத்ததை நான் கண்ணாலை கண்டனான்."

"அண்ணை, விசரே உங்களுக்கு? தங்கச்சி பிள்ளை பெறுறதைத் தமையன் ஆரும் பாக்கிறவனே?"

"சரி, கதவுக்கு வெளியிலை நிண்டு காதாலை கேட்டனான். காணுமே?"

இராஜரட்ணமும் பச்சைப் பருந்தும் சந்தித்துக்கொண்ட காட்சி உருக்கமானது. ஒருவர் முந்நூறு வருடத்து விம்பர்லி வம்ச மரத்தை விரித்தார். மற்றவர் தங்கள் குடும்பத்தில் ஆறு தலைமுறையாக யார் யாரிடம் சம்பந்தம் வைக்கவில்லை என்ற பட்டியலை ஒப்பித்தார்.

"உங்கள் சமூகத்திலும் உயர்ந்த பிறப்பு என்று ஒன்று இருக்கிறதா?" என்று பருந்து வியந்தார்.

"இருக்கிறதாவா? சேர், கப்பலேறி வரும்போது வீட்டை விட்டோம், காணியை விட்டோம். இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம்."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு பச்சைப் பருந்துக்குத் தினமும் மார்க்கத்திலிருந்து சாப்பாடு போனது. சில்வர்ப் பாத்திரத்தில்.

*

அடுத்த ஞாயிறு ஒரு விருந்து மண்டபத்தில் 'லோட் ஜெனோசன் வரவேற்பு விழா' நடந்தது. தமிழர் சமத்துவ ஒன்றியம் ஏற்பாடு. மேடையில் அல்பிரட்டின் படம், மாலை, குத்துவிளக்கு. படத்துக்கு முன்னால் இராஜரட்ணம் தன் கையாலேயே ஒரு வெள்ளித் தம்ளரில் கோப்பி வைத்தார். புனிதவதி அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பி ஆறி ஆடை படர்ந்தது.

ஜெனோசனுக்குக் கல்யாண மாப்பிள்ளைத் தலைப்பாகை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே பட்டுச்சட்டை. அதற்கு மேலே, கழற்ற மறுத்துவிட்ட செம்மஞ்சள் வேலைச் சட்டை.

"அம்மா, திஸ் இஸ் சோ ஸ்ரூப்பிட்" என்றான் காதோரம்.

"ஓமப்பு. கொஞ்ச நேரம் பொறு."

"டாட் இருந்தா சிரிச்சுச் செத்திருப்பார்." சொன்ன பிறகு அவனுக்கே ஏதோ போலாகிவிட்டது. குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

ஒன்றியத் தலைவர் சிவபாதம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எங்கடை ஒன்றியம் பதின்மூண்டு வருசமாச் சமத்துவத்துக்காகப் பாடுபட்டு வருது. அதின்ரை பலனா இண்டைக்கு எங்களிலை ஒருத்தன் மற்ற எல்லாருக்கும் மேலை போய்க் குந்தப்போறான். சமத்துவத்துக்கு இதைவிட என்ன வெற்றி வேணும்? வெள்ளைக்காரன் எங்களை நூற்றைம்பது வருசம் ஆண்டான். இனி அவன்ரை பிரபுக்கள் சபையிலை எங்கடை பொடியன் அவனுக்குப் பக்கத்திலையே இருந்து நித்திரை கொள்ளுவான்!"

கைதட்டல் அடங்கப் பச்சைப் பருந்து எழுந்து, ஒரு சிறிய திருத்தம் சொன்னார். பிறப்பால் பிரபுக்களானவர்களில் பெரும்பாலானோரைச் சபையிலிருந்து வெளியேற்ற இலண்டனில் ஒரு சட்டம் வந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்துக்குள் நிறைவேறிவிடும். ஆகவே நித்திரை கொள்ள இடம் இருக்காது. பட்டம் மட்டும் இருக்கும்.

"அப்ப பட்டத்தாலை என்ன பிரியோசனம்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். இராஜரட்ணம் அதை மொழிபெயர்த்தார்.

"பிரயோசனம் உள்ள பொருளை யார் வேண்டுமானாலும் விரும்புவார்கள், கனவானே. பிரயோசனமே இல்லாததைப் பாதுகாக்கத்தான் ஒரு பணிமனை வேண்டும்" என்றார் பருந்து.

பிறகு அவர் மேடையிலேயே ஒரு பித்தளைக் கவராயத்தை எடுத்து ஜெனோசனின் இடது காதை அளந்தார். விம்பர்லிக் காதுக்கு ஓர் இலட்சணம் உண்டு. மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். எட்டுப் பிரபுக்களின் படங்களிலும் அப்படித்தானாம். பருந்து மூன்று தடவை அளந்தார். முகம் மலர்ந்தது.

"சந்தேகமே இல்லை. இது விம்பர்லிக் காது!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. புனிதவதிக்கு ரதியின் காது ஞாபகம் வந்தது. தோடு போட மடல் போதாமல் அம்மாவிடம் அழுது நின்ற தங்கையின் காது.

இரவு பாத்திரம் கழுவும்போது அவள் ஊர்க் கடவுள்கள் எல்லோருக்கும் நேர்த்தி வைத்தாள். ஒரு காது காப்பாற்றிவிட்டது. இனிப் பிள்ளை அறியத் தேவையில்லை.

*

ரொட்னி சும்மா இருக்கவில்லை. குளியல் தொட்டி விற்கிறவர்கள் விடாமுயற்சிக்காரர்கள்.

இறுதி விசாரணை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் நடந்தது. பச்சைப் பருந்து அன்று முழு உடுப்பில் இருந்தார். முன்னும் பின்னும் பச்சைப் பருந்து பின்னிய கனத்த அங்கி. நடந்தால் பருந்தும் நொண்டி நொண்டிக் கூடவே நடந்தது. அறையை இரண்டாகப் பிரித்த மடக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் வக்யூம் கிளீனர் விற்பனையாளர்களின் மாநாடு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் ஓவென்று கைதட்டினார்கள்.

ஜெனோசனை வெளியே இருத்தினார்கள். இராஜரட்ணம் சாட்சியம் சொன்னார்: கொழும்பு, எண்பத்து மூன்று ஜூன் பன்னிரண்டு, காலை பத்து மணி, கதவுக்கு வெளியே, காதால்.

பருந்து ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். ரொட்னி ஆள் வைத்துத் தேடி எடுத்தது. அவள் வேலை செய்த மருத்துவமனையின் பழைய கடமைப் பட்டியல்.

"அதே நாள். ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவில் காலை ஏழு மணி முதல் மாலை மூன்று மணி வரை நீங்கள் வார்ட்டில் கடமையில் இருந்திருக்கிறீர்கள். அதே நாளில் கொழும்பில் பிரசவித்தும் இருக்கிறீர்கள். சீமாட்டி, உங்கள் கடமையுணர்ச்சியை எங்கள் பணிமனை பாராட்டுகிறது."

இராஜரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார். "புனிதம், எனக்கு ஒரு அப்பொயின்ற்மென்ற் இருக்கு" என்றார். வாசலுக்குப் போனவர், ஏதோ நினைவு வந்து திரும்பினார். "அந்த வெள்ளித் தம்ளர் உன்னட்டையே இருக்கு? மனிசி தேடினவ."

அவர் போய்விட்டார்.

"காது?" என்று கேட்டாள் புனிதவதி. "காது சரியென்று சொன்னீர்களே, ஐயா."

"காது வருந்தத்தக்க ஒரு தற்செயல்."

அவள் கதிரையை விட்டு எழும்பினாள். இருபத்தெட்டு வருடம் தாதியாக இருந்தவள். சாகப்போகிறவர்களின் சொந்தக்காரர்கள் டொக்டரிடம் எப்படி நிற்பார்கள் என்று தெரியும். அவள் அப்படியே நின்றாள்.

"ஐயா, பட்டத்தை ரொட்னிக்கே கொடுங்கள். நான் பொய் எழுதினேன், என்னை எந்தப் பொலிசிலும் கொடுங்கள். அந்த மூன்று தரம் வாசிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தகப்பன் செத்து நூறு நாள்தான். அந்தச் சட்டையைத் துவைக்கக்கூட விடுகிறானில்லை."

பச்சைப் பருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதரல்ல.

"அம்மணி, உங்கள் கணவர் இந்தப் பையனைத் தூக்கி வளர்த்திருப்பார். காய்ச்சலில் கண்விழித்திருப்பார். நான் மறுக்கவில்லை. அது அன்பு. அன்பை நாங்கள் பதிவதில்லை. அன்புக்கெல்லாம் உரிமை கொடுக்கத் தொடங்கினால் யார் யாருக்கோ கொடுக்க வேண்டி வரும். பிறகு எங்களைப் போன்றவர்களுக்கென்று என்ன மிஞ்சும்? எனக்கும் ஒரு பட்டம் வரவேண்டியிருக்கிறது. மூன்று பேர் இறந்தால் போதும்." அவர் பெருமூச்சு விட்டார். "மூவரும் நல்ல சுகமாக இருக்கிறார்கள்."

கதவு திறந்தது. ஜெனோசன் உள்ளே வந்து அறை நடுவில் நின்றான். செம்மஞ்சள் சட்டையின் தோள்கள் அவனுக்குப் பெரிது. வெள்ளிப் பட்டிகள் வெளிச்சத்தில் மின்னின. புனிதவதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையின் முழங்கையில் தான் போட்ட தையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பருந்து சுருளை விரித்தார்.

"அனைவரும் அறிக! இந்த ஜெனோசன், எட்டாவது விம்பர்லிப் பிரபு அல்பிரட்டின் மகன் அல்லன்!"

தட்டிக்கு அந்தப் பக்கம் கைதட்டல் வெடித்தது. யாரோ அதிக வக்யூம் கிளீனர் விற்றிருந்தார்.

"இந்த ஜெனோசன் அல்பிரட்டின் மகன் அல்லன்!"

சீழ்க்கை ஒலி. மேசையில் தட்டினார்கள்.

மூன்றாம் தரம் பருந்தின் குரல் கொஞ்சம் தணிந்தது. விதிப்படி உரக்கத்தான் வாசித்திருக்க வேண்டும். அதை அவர் அறிக்கையில் குறிப்பிடவில்லை என்று பின்னால் தெரிந்தது. கைதட்டல் மட்டும் குறையவில்லை.

"வாசித்ததைக் கேட்டேன் என்று இங்கே ஒப்பமிடுங்கள்" என்றார். "வழமையாக எப்படிப் பெயர் எழுதுவீர்களோ அப்படியே."

பணிமனையின் தோல் கட்டிய பெரிய புத்தகம். ஜெனோசன் பேனாவை வாங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழக்கிய குண்டு எழுத்தில் எழுதினான். புனிதவதி எட்டிப் பார்த்தாள்.

*அ. ஜெனோசன்.*

தமிழர்கள் தகப்பனின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் தங்கள் பெயரையே எழுதுவார்கள். அல்பிரட்டுக்கு அ. முந்நூறு வருடம் இரத்தம் தவிர வேறெதையும் ஏற்காத அந்தப் புத்தகத்தில், பச்சைப் பருந்து அரக்கை உருக்கி ஊற்றி, ஊதி ஆற்றி, அந்த 'அ'வுக்கு மேலேயே முத்திரை குத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

*

பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். எதிரே கடைத்தொகுதியின் கார் தரிப்பிடம். அதன் மூலையில் குளிர்காலத்துப் பனிக்குவியல் ஒன்று கரையாமல், கறுத்து, ஆளுயரத்தில் கிடந்தது. ஜனவரியில் யாரோ தள்ளிக் குவித்த பனி. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

ஜெனோசன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. அழாமல் நிற்பது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தம்பி..." என்று தொடங்கினாள். பதினைந்து வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. "உவன் வாசிச்சது... நான்தான் உனக்குச் சொல்லியிருக்க வேணும். நான் பயந்திட்டன், அப்பு. அப்பா சொல்லச் சொன்னவர். நான்தான்... உன்னைப் பெத்தது என்ரை தங்கச்சி. நான் உனக்குச் சொல்லாமல்..."

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. அவள் அசையாததைக் கண்டு கதவை மூடிக்கொண்டு போய்விட்டது.

ஜெனோசன் சட்டையைக் கழற்றினான். நூறு நாளில் முதல் தடவையாக. அதை அவள் தோளில் போட்டு, கழுத்துவரை சிப்பை இழுத்துவிட்டான்.

"எனக்கு எட்டு வயசா இருக்கேக்கையே டாட் தன்ரை ட்ரக்கிலை வைச்சு எல்லாம் சொல்லிட்டார், அம்மா. 'உனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்கு மட்டும் காட்டிப்போடாதை, அவ தாங்கமாட்டா' எண்டவர்."